தரைக்கிணற்று விளக்கு

உத்திரமேரூர் கடைத்தெருவில் ரேடியோவும் சிடி பிளேயரும் பழுது பார்க்கும் சனாவுல்லா, பாம்புக்குப் பயப்படமாட்டார், கரண்டுக்குப் பயப்படமாட்டார். வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை வளைவில் இருக்கும் தரைக்கிணற்றுக்கு மட்டும் பயப்படுவார். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. போன மழையில் பக்கத்து வீட்டு வேதகிரியின் எருமை அதில் விழுந்து செத்தது. மகள் மாஹிராவோ தையல் கம்பெனி வேலை முடிந்து, இருட்டும் நேரத்தில் அந்த வழியாகத்தான் மொபெட்டில் வந்தாக வேண்டும். கிணற்றுக்காரர் சுவர் கட்டுவார் என்று காத்திருந்தால் கிணறே தூர்ந்துவிடும்.

அதனால், தோட்டத்தில் நட்டு வைக்கும் சோலார் விளக்கு ஒன்றை வாங்கிக் கிணற்றோரம் கழியில் கட்டினார். நல்ல வெயில் படட்டும் என்று அதன் தலையிலிருந்த சோலார் தகட்டைப் பாதைப் பக்கம் சாய்த்தும் வைத்தார்.

"பேட்டரி ஒண்ணேகால் வோல்ட்டுதான். எல்இடிக்கு மூணு ஓணும். உள்ள குட்டியா ஒரு கம்பிச்சுருள் கீது, காயில்னு சொல்வாங்க. கரண்ட வுட்டு வுட்டு நிறுத்தினா, நிறுத்துறப்பல்லாம் காயில் எக்கித் தள்ளும். வோல்ட்டு ஏறிப்பூடும்" என்று வேதகிரியிடம் பெருமையடித்தார்.

லீவில் வீட்டிலிருந்த மாஹிராவும் பார்த்தாள். "நாளைலேர்ந்து அந்த வெளிச்சத்த இடது பக்கம் வுட்டு வளைச்சிக்கிறேன் அத்தா. கவலப்படாதீங்க."

மறுநாள் பொழுது சாய்ந்தபின் கடையடைத்து நடந்து வந்தவர், வளைவில் டார்ச் அடித்தார். விளக்கு அணைந்தது. டார்ச்சைத் தாழ்த்தினார், எரிந்தது. மறுபடி அடித்தார், அணைந்தது.

தகட்டில் வெளிச்சம் விழுந்தால் விளக்கு அதைப் பகல் என்று எடுத்துக்கொள்ளும். தெரிந்த சங்கதிதான். தகட்டைச் சாய்த்தபோது புத்தி புல் மேயப் போயிருந்தது. மொபெட்டின் ஹெட்லைட்டும் நேராக அதில்தான் விழும்; மாஹிரா வளைவுக்கு வரும் நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிடும்.

ஏரிக்கரைப் பக்கம் மொபெட் சத்தம் கேட்டது.

சனாவுல்லா ஓடினார். ஈரப்புல்லில் கால் வழுக்கியது. டார்ச் கை நழுவிப் போக, அது தண்ணீரில் விழும் சத்தம் வர நேரமாயிற்று. அந்தச் சத்தத்தில் அவருக்கு உயிரே போய்விட்டது. ஹெட்லைட் வளைவுக்கு வந்தது. விளக்கு அணைந்தது. அவர் கழியைத் தடவிப் பிடித்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தகட்டின் மேல் கவிழ்த்தார்.

விளக்கு எரிந்தது. மொபெட் அதைச் சுற்றி வளைந்து, தாண்டிப் போய் நின்றது.

"இருட்டுல இங்க இன்னா பண்றீங்க அத்தா? வாங்க, வூட்டுக்குப் போலாம்."

"வண்டிய நிறுத்திட்டு நீ வாம்மா. எனுக்கு காலு வரல."

அவள் இறங்கி வந்தாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். அத்தாவின் குதிகால் இரண்டும் விளிம்பைத் தாண்டிக் கிணற்றுக்கு மேல் அந்தரத்தில் இருந்தன. அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.