யானைக்கு ரொட்டி சானாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று வயதுக் குழந்தை ஒன்று என் தமிழ் வாசிப்பைத் திருத்தியது. பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவள் நான். இருந்தாலும் திருத்தியது.

குழந்தையின் பெயர் யாழினி. கூலிம் ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீடு. அப்பா சிவாவுக்கு ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா தீபா பல் கிளினிக் ஒன்றில் கவுண்டரில் இருக்கிறாள்.

யாழினிக்குப் பேச்சு வரவில்லை. ‘அம்மா’, ‘பால்’, ‘வேணாம்’ – அவ்வளவுதான். ஹேண்ட்போனைக் கொடுக்காதீர்கள், படப் புத்தகம் காட்டிப் பேசுங்கள் என்று தாய்சேய் கிளினிக் நர்ஸ் மிஸி சொல்லிவிட்டார். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவும் தேதி கொடுத்துவிட்டார். அன்று தீபா என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என் புள்ள பேசாமலே போயிடுமாக்கா?”

எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருந்த யானைப் படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் புத்தகம் கொடுப்பார்கள்.

தீபா வாசித்தால் குழந்தை எழுந்து ஓடியது. அதனால் அந்த வேலை சிவாவுக்குப் போனது. காலை ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில், சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்கும். வார்த்தைகள் கேட்காது. குரல் மட்டும்... நிற்காமல் போகும்.

அந்தச் சனிக்கிழமை தீபா சமைத்துக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து யாழினிக்குப் புத்தகத்தை விரித்தேன்.

“யானை ஆற்றுக்குப் போனது.”

பக்கத்தின் மேல் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

“இல்ல.”

மறுபடியும் வாசித்தேன். அச்சில் அப்படித்தான் இருந்தது.

“இல்ல. ஆனை ரொட்டி சானாய் சாப்புது.”

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை – எல்லாம் இருந்தன. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. தீபா ஈரக் கையோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். “இன்னொரு தரம் சொல்லும்மா” என்றாள். யாழினி சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் சிவாவை விசாரித்தோம். அவன் தலையைச் சொறிந்தான்.

“நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன்க்கா. தமிழ் எழுத்து தெரியாது. படத்தப் பாத்து நானே ஒரு கதை விட்டேன் லா.”

கதை இதுதான். யானை வேலை முடிந்து வருகிறது. நல்ல பசி. ரொட்டி சானாய் சாப்பிட டவுனுக்குப் போகிறது. மழை பெய்து ரோட்டில் வெள்ளம் – புத்தகத்தில் ஆறு. முதுகில் உட்கார்ந்திருக்கும் கொக்கு, சூப்பர்வைசர். இறங்கவே மாட்டான்.

நான் சிரித்தேன். தீபா சிரிக்கவில்லை.

“புள்ளக்குப் பேச்சு வர்ற நேரத்துல தப்பு தப்பாவா சொல்லித் தருவீங்க?”

சிவாவின் முகம் வாடிவிட்டது. மறுநாள் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான். “அக்கா, இனிமே நீங்களே சரியா படிச்சுக் குடுங்க. நான் கெடுத்துட்டேன்னா பாவம்.”

தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் நான் சரியாகத்தான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, உச்சரிப்பு சுத்தமாக. யாழினி என்னையும் யானையையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரு சொல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

கடைசியில் யாழினியே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் மடியில் போட்டாள். மேலே தானும் ஏறி உட்கார்ந்தாள். சிவா தீபாவைப் பார்த்தான்.

தீபா டிவியை அணைத்தாள்.

“சொல்லுங்க. எனக்கும் அந்தச் சூப்பர்வைசர் கதை தெரியணும்.”

அச்சில் உள்ளதை வாசிப்பதுதான் வாசிப்பு என்று நாம் நினைக்கிறோம். எழுதுகிறவர்களுக்கு அது வசதியான நினைப்பு. மூன்று வயதுக்கு எழுத்து எதற்கு? நேற்றுச் சொன்ன கதையை இன்றும் அலுக்காமல் சொல்கிற ஓர் ஆள்தானே வேண்டும்? எழுத்து தன்னால் வரும். மடி அப்படி வராது.

ஸ்பெஷலிஸ்டிடமும் போனார்கள். போகத்தான் வேண்டும், படப் புத்தகம் மருந்து இல்லை. காதில் குறை இல்லையாம். பேச்சு தாமதம், பயிற்சி தேவை என்றார். பிறகு ஒரு யானைப் படத்தைக் காட்டி, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

“ஆனைக்குப் பசி” என்றாள் யாழினி.

அவருக்குத் தமிழ் புரியவில்லை. தீபா மொழிபெயர்த்தாள். “பாகுஸ்” என்றார். நல்லதாம். வீட்டில் என்ன செய்கிறீர்களோ அதை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இந்த வாரம் இன்னொரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தீபா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

“என்னாக்கா, இதுல ஒரு எழுத்துகூட இல்லயே. நான் எப்படிப் படிக்கிறது?”

சிவாவிடம் கற்றுக்கொள் என்றேன்.