மந்தைவெளியில் எனக்கு ஓட்டில்லை

இந்த ஊரில் என்னை மனோகர் என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் தயாளன். மந்தைவெளியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் எனக்கு முன்னால் மனோகரன் என்று ஒருவர் இருந்தாராம். காலி செய்துகொண்டு போனவர் பெயரை மட்டும் அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பால் போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் எல்லோருக்கும் நான் மனோகர்தான். முதல் சில நாட்கள் திருத்திப் பார்த்தேன். "எந்தப் பேரா இருந்தா இன்னா நைனா, ரூம் அதே ரூம்தானே?" என்றார் இஸ்திரிக்காரர். அதன் பிறகு விட்டுவிட்டேன். தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. "அடுத்து யாருங்க?" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாமலே பல நாட்கள் முடிந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

நம் கோலார் தங்கவயலில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலச் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாரிக்குப்பத்தில் ரயிலேறி வந்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நாம் தமிழ் பேசுகிறவர்கள், தமிழ்நாட்டுக்குப் போனால் சொந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். இங்கே முதல் கேள்வி, "கோலாரா? அப்போ நீ கன்னடமா?" என்பது. இல்லை, தமிழ்தான் என்று சொன்னால் இரண்டாவது கேள்வி, "வீட்டுல தங்கம் நெறய கீதா?" என்று வரும். சுரங்கத்தில் தங்கத்தை வெட்டி மேலே அனுப்பியவரின் மகன் நான். அவருக்குக் கையெழுத்துப் போட வராது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதையெல்லாம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது? சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தொண்ணூற்றாறில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. வெகு வருடங்களாக நடக்காமல் இருந்த தேர்தல் என்பதால் தெருவே கல்யாண வீடு போல இருந்தது. என் கதவைத் தட்டாதவர்கள் எல்லாம் தட்டினார்கள். வீட்டுக்கார மாமியே கீழேயிருந்து அனுப்பிவைப்பார்: "மாடில ஒரு பையன் இருக்கான். அவன்கிட்டயும் கேட்டுண்டு போங்கோ." கைகூப்பிக்கொண்டு படியேறி வருவார்கள். சாப்பிட்டாயா தம்பி என்று கேட்பார்கள். எனக்கு இங்கே ஓட்டில்லை, ஊர்ப் பட்டியலில்தான் பெயர் இருக்கிறது என்று நான் முதலிலேயே சொல்வதில்லை. சொன்னால் இறங்கிப் போய்விடுவார்களே! பதிலுக்கு அவர்களுடைய கொள்கையைக் கேட்பேன். கேட்காமல் இருக்க முடியாத காரணம் ஒன்றும் இருந்தது. என் அறைக்குப் பின்னால் கால்வாய்க்குப் போகும் வழியில் ஒரு காலி மனை. தெருக்குப்பை முழுவதும் அங்கேதான் வந்து விழும். தினமும் காலையில் யாராவது அதைக் கொளுத்திவிடுவார்கள். பிளாஸ்டிக் கருகும் அந்தப் புகை என் ஜன்னலைத் தேடிக்கொண்டு நேராக வரும்.

பெரிய கட்சியின் ஆளான பாபு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார். கால்வாயில் படகு விடுவார்களாம், கரையில் பூங்கா வருமாம். "அண்ணே, இந்தக் குப்பையை என்ன செய்வீங்க?" என்றேன். "அதான் கொளுத்திர்றாங்களே மனோகர், அப்பாலிக்கு இன்னா?" என்றார் நிஜமாகவே புரியாமல். இன்னொரு கட்சிக்காரர் வீட்டுக்கு ஒரு மரக்கன்று என்றார். எந்த மண்ணில் நடுவது என்று நான் கேட்பதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

கடைசியாகத் தனியாக ஒரு அம்மா வந்தார். சரோஜா. அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சையாக நிற்கிறவர், சீப்புச் சின்னம். பின்னால் கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. உள்ளே வந்ததும் ஓட்டுக் கேட்கவில்லை.

"ஏன் தம்பி எப்பவும் ஜன்னலை மூடியே வச்சிக்கிற? தெருவுல போறப்பல்லாம் பாக்குறேன்."

புகை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. நம் ஊரின் சயனைடு மேட்டைப் பற்றிச் சொன்னேன். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட அந்த மண் கோடைக்காற்றில் கிளம்பி வருவதையும், அம்மா ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணிப்பதையும், அப்படியும் மறுநாள் சோற்றுப் பானையின் மூடியில் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசு படிந்திருப்பதையும் சொன்னேன். அங்கேயும் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். அந்த மேட்டைப் பற்றி அவர்களும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அது வானம் போல எப்போதும் இருப்பது என்று நினைத்திருந்தோம். சரோஜாக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "என் பொண்ணுக்கும் இந்தப் புகையாலதான் வீசிங். ராத்திரி உக்காந்துகினே தூங்குது," என்றார். அவருடைய கொள்கை அவ்வளவுதான். குப்பையைக் கொளுத்தக் கூடாது. வீட்டுக்கு இரண்டு வாளி. அழுகுவதைக் குழியில் போட்டு உரமாக்க வேண்டும், மற்றதை லாரி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. "அக்கா, எனக்கு இங்க ஓட்டு இல்ல. என் பேரு மனோகரும் இல்ல. தயாளன்."

அவர் எழுந்து போகவில்லை. "ஓட்டு இல்லன்னா இன்னா, மூக்கு கீதில்ல?" என்று சிரித்தார். அந்த வாரம் கடை விட்டு வந்த பிறகு அவரோடு வீடு வீடாகப் போனேன். "இன்னாமா, குப்பைக்கு ஒரு எலக்சனா?" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஒரு வீட்டில் இரண்டாவது வாளியை நீ வாங்கித் தருவாயா என்று கேட்டார்கள். நான் சத்தமாகப் பேசியே பழகாதவன். அந்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

ஓட்டுப் போடும் நாளன்று காலையில் பாபு படியேறி வந்து மனோகரனின் பெயர் எழுதிய சீட்டைக் கையில் திணித்தார். "சீக்கிரம் போட்டுட்டு வா மச்சி." அந்தச் சீட்டையும் என் கல்லூரிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஓட்டுச் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் நினைத்திருந்தது வேறு. நம் சுரங்க வாசலில் ஷிஃப்டுக்கு இறங்கும் முன் பெயர் வாசிப்பார்கள். விட்டுப்போயிருந்தால் அப்பா போன்றவர்கள் அங்கேயே நின்று சொல்வார்கள், குமாஸ்தா பென்சிலால் சேர்த்துக்கொள்வார். பட்டியல் என்றால் அப்படித்தான் என்பது என் படிப்பையும் தாண்டி எனக்குள் இருந்திருக்கிறது. மனோகரனை அடித்துவிட்டுத் தயாளன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான் வரிசையில் நின்றேன். சீப்புக்கு ஒரு ஓட்டு கூடும். அதைவிட, இந்த ஊரின் ஏதோ ஒரு காகிதத்தில் என் பெயர் இருக்கும்.

அதிகாரி சீட்டை வாங்கி, "மனோகரன்!" என்று சத்தமாக வாசித்தார். ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பாபு தலையை ஆட்டினார். "நம்ம தெரு ஆளுதான் சார், மை வையுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஏஜெண்டு போட ஆள் இல்லாமல் சரோஜாக்காவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், இவரு மனோகரன் இல்ல. இவரு பேரு தயாளன்."

பாபுதான் முதலில் சிரித்தார். "இன்னாக்கா, ஊரே சொல்லுது அவன் உன் ஆளுன்னு. உன் ஓட்ட நீயே வேணான்றியா?"

"வேணும். அவரு பேர்ல வந்தா வேணும்," என்றார். என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் சார், நான் தயாளன். அதைச் சொல்லத்தான் வந்தேன். எழுதிக்க முடியுமா சார்?" என்று சான்றிதழை நீட்டினேன். வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அதிகாரி நல்லவர். "இன்னைக்கு அதெல்லாம் முடியாது தம்பி. உன் ஊர்ல பேரை நீக்கிட்டு அப்புறமா இங்க எழுதிக் குடு. அடுத்தவங்களுக்கு வழி விடு," என்றார்.

சரோஜாக்கா தோற்றுப் போனார். காலி மனையில் இன்றும் காலையில் புகைகிறது. யாரும் என் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் பாத்திரக் கடையிலிருந்து திரும்பும்போது இஸ்திரி வண்டிக்காரர், "இன்னா தயாளா, லேட்டு?" என்கிறார். ஓட்டுச் சாவடியில் நடந்தது தெரு முழுக்கப் பரவிவிட்டது, கேலியாகத்தான் பரவியது. என்றாலும் பெயர் சரியாகப் பரவியிருக்கிறது. தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அக்காவும் சில நாள் கூப்பிடுவார்.

தங்கவயல் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி நான் இன்னும் எழுதிப் போடவில்லை. நம் ஊரிலும் ஒரு நாள் தேர்தல் வரும். நாம் படித்த பள்ளிக்கூடத்தின் ஏதோ ஒரு அறையில், "தயாளன்!" என்று ஒருவர் சத்தமாக வாசிப்பார். உள்ளே இருப்பவர்கள் வாசல் பக்கம் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் இங்கே, மந்தைவெளித் தெருவில், யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.