கோயில் மண்டபத்து மாடி

என்னைவிடப் பெரிய முட்டாள் பினாங்கில் இருந்தால், அவரும் ஏதாவது ஒரு குழுவுக்குத் தலைவராகத்தான் இருப்பார். மனம் நொந்த இளையோர் வந்து பேசுவதற்குத் தீவிலும் பெருநிலத்திலும் ஆலோசனை நிலையங்கள் திறக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஜார்ஜ் டவுனில் குளிர்சாதன அறையில் கறிபாப் தின்றுகொண்டே, பெருநிலத்து ஊரான புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒரு கோயில் மண்டபத்தின் மாடியைத் தேர்ந்தெடுத்தேன். வாடகை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை திறந்தால் கூட்டம் வரும் என்றும் அடித்துச் சொன்னேன்.

கூட்டம் வந்தது. பூசை முடிந்த அக்காமார்கள் படிக்கட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டார்கள். மாடி ஏறியவள் ஒரே ஒரு பெண், தொழிற்சாலை ஊழியர்.

"வீட்டுக்குத் தெரியக்கூடாது அண்ணே" என்றாள்.

"இங்க பேசுறது வெளிய போகாதுலா தங்கச்சி" என்று மார்தட்டினேன்.

அவள் பேசியது எதுவும் வெளியே போகவில்லை. அவள் படியிறங்கியதே போதுமானதாக இருந்தது. "யாரு வீட்டுப் பொண்ணு? மேல என்னா வேலை?" என்று ஓர் அக்கா கேட்க, இன்னோர் அக்கா அங்கிருந்தே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் என் சிக்கனத்துக்குக் கைதட்டி, பக்கத்து ஊரான கெப்பாலா பத்தாஸிலும் ஒரு கோயில் மாடி பார்க்கச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பிறகு அந்தப் பெண்ணைப் போனில் அழைத்தேன். "வேற இடம் பார்க்கறேன் தங்கச்சி, நீங்க வந்து பேசுங்க."

"இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க அண்ணே."