ஒன்பது அடிச் சாய்தளம்

கொத்தனார்கள் மத்தியில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்றுதான் பெயர். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று மற்றவர்கள் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அவரோ ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, “வலப்பக்கம் ஒரு நூல் தூக்கல்” என்பார். வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. காலண்டர் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. “முதன்முதலா எங்க வீட்டுக்கு வந்தப்ப என் மூஞ்சியப் பாக்கல, கதவு நிலையத்தான் பாத்தாரு” என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர், அந்தச் சாய்தளம் செங்குத்தாக இருந்தது தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

நகராட்சி அலுவலகத்துக்கு நான்கு படிகள். தரையிலிருந்து வாசல் இரண்டடி உயரம். பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும் என்று விதி வந்து பல வருடம் ஆகியும் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் திடீரென்று, அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. இன்ஜினியர் ஆள் விட்டு ரசமட்டத்தைக் கூப்பிட்டார்.

அவர் நாடாவை வைத்து அளந்தார். வாசலிலிருந்து நேராக, மதிலோரம் வழி விட்டது போக ஒன்பது அடிதான் தேறியது.

“சார், ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும். ரெண்டடிக்கு இருபத்திநாலு. மதிலோரமா மடக்கிக் கொண்டுபோனா தாராளமா வரும்.”

“மதிலோரம் ஆபீசருங்க கார் நிக்கிற இடம், மேஸ்திரி.”

“ஒம்போது அடியில போட்டா நம்ம தள்ளுவண்டியே ஏறாது சார்.”

“யாரு தெனமும் ஏறப்போறாங்க? வந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான். போடுங்க.”

ரசமட்டம் ஒரு நிமிடம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் பிற்பாடு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். ‘முடியாது சார்’ என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது போட்டிருப்பார்கள். ஆனால் தான் போட்டதாக இருந்திருக்காது.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. பூச்சு கண்ணாடிபோல் வந்திருந்தது. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் மழை தூறிய ஒரு காலையில், பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பெண் தன் சக்கர நாற்காலியில் அங்கே வந்தாள். உதவித்தொகை பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடிருப்பதற்கு அத்தாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னாலிருந்து தங்கை தள்ளினாள். பாதி ஏற்றத்தில் தங்கையின் செருப்பு வழுக்கியது. நாற்காலி பின்னோக்கி உருண்டு, திரும்பி, மதிலில் போய் மோதியது. தையல்காரிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்து, உடம்பு புண்ணாகி, ஐந்தாம் மாதம் இறந்துபோனாள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். மேசைமேல் வரைபடத்தை விரித்தார். அதில் சாய்தளம் இருபத்துநான்கு அடி நீளத்தில், மதிலோரம் அழகாக மடங்கிப் போயிருந்தது.

“படத்துல சரியா இருக்கே. நீங்க ஏன் இப்படிக் கட்டுனீங்க?”

“அந்தப் படத்தை இன்னிக்குத்தாம்மா பாக்குறேன். எனக்கு வாயாலதான் சொன்னாங்க.”

“செங்குத்தா இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி காலையிலேயே காதைக் கடித்திருந்தாள்: “தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தப்பிச்சுடலாம்.” அவர் வாய் அதற்கு வரவில்லை.

“தெரியும்மா. சொன்னேன். கேக்கல. அப்புறம் நானே கட்டிட்டேன்.”

அதிகாரி அம்மா பேனாவை எடுத்தார். ஆனால் எதையும் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த அறிக்கையில், ‘அனுபவமற்ற தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று இருந்தது. ரசமட்டம் கொத்துக்கரண்டி பிடிக்கத் தொடங்கி அப்போது முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. இன்ஜினியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். சாய்தளத்தை இடிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. குறுக்கே ஒரு சங்கிலியைக் கட்டி, ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு பலகையை மாட்டினார்கள். ரசமட்டத்தை அதன்பிறகு நகராட்சி வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் விசாரித்துக்கொண்டு அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போனார். அவள் அக்காவின் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தாம்மா அதைக் கட்டுன கொத்தனாரு.”

மெஷின் நின்றது.

“முன்னாடியெல்லாம் ரெண்டு பியூன் வந்து அக்காவ மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போவாங்க” என்றாள் பிறகு. “வீட்டுக்கு வந்து அன்னிக்குப் பூரா அழுவா. நீங்க கட்டுனதைக் கேள்விப்பட்டதும் புதுத்துணி எடுத்துத் தச்சுப் போட்டுக்கிட்டா. ‘இனிமே ஒருத்தனும் என்னைத் தூக்க வேண்டாம்டி’ன்னா.”

ரசமட்டம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா? எனக்கு அது வரலைங்க.”

“அதுக்கு வரலம்மா.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

“உங்க வீட்டு வாசலுக்காவது சரியா ஒண்ணு...” என்று ஆரம்பித்தவர், அந்த வீட்டில் இனி அது யாருக்கு என்பது உறைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு விசாரணையில் தான் சொன்னதையும், அதிகாரி அம்மா அதை எழுதாமல் விட்டதையும் சொன்னார்.

அவள்தான் எழுந்துபோய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். “விசாரணையில சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவங்க எழுதலைல்ல, நாம எழுதுவோம்.”

அவருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘நானே கட்டினேன்’ என்ற இடத்தில் அவள் கை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே எழுதினாள்.

சாய்தளத்தை விதிப்படி மாற்றிக் கட்டச் சொல்லி அந்தத் தாளோடு மனு போயிற்று. பதில் இல்லை. மறுபடி போயிற்று. மூன்றாம் வருடம் தபாலில் பதில் வந்தது. அலுவலகம் இப்போது கடைவீதியில் வாடகைக் கட்டடத்துக்கு மாறிவிட்டது; பழைய கட்டடம் பயன்பாட்டில் இல்லாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்றிருந்தது.

இருவரும் அந்தப் புதிய இடத்தைப் பார்க்கப் போனார்கள். கீழே பாத்திரக்கடை. அலுவலகம் மாடியில். லிஃப்ட் இல்லை. படிகளின் அடியில், ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனை படி?” என்று கேட்டாள் அவள்.

“இருபத்திரெண்டு” என்றார் ரசமட்டம். “பன்னெண்டாவது உயரம் ஜாஸ்தி.”

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, இரண்டையும் குறித்துக்கொண்டாள். ரசமட்டம் பெரியவரிடம் போய், “எந்த செக்ஷனுங்கய்யா? காகிதத்தைக் கொடுங்க, நான் மேல போய்க் கேட்டுட்டு வரேன்” என்றார்.

“நேர்ல வரணுமாம்பா” என்றார் பெரியவர்.