கண்ணாடி போட்ட ஊறுகாய் ஜாடி

இஸ்மாயில் பாய் காலமான செய்தியை எனக்குச் சொன்னவள், அவருடைய பீங்கான் ஆலையில் ஜாடிகளுக்குப் பூச்சு பூசும் அஞ்சலை. "பாய் தூக்கத்துலயே போயிட்டாங்க மேடம்" என்றாள். சற்று அழுத பிறகு, "அப்ப இந்த வருசம் ஒடைக்கிற நாளு இருக்காதுங்களா?" என்று கேட்டாள். துக்கத்தில் கேட்கும் கேள்வியா இது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆலையைத் தெரியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த நாளுக்கு வந்திருப்பீர்கள். சூளையில் கோணியும் வெடித்தும் வீணான ஜாடிகளை ஆண்டுக்கொருமுறை முற்றத்தில் அடுக்கிவைப்பார் பாய். தொழிலாளர்களும், சரக்கெடுக்கும் கடைக்காரர்களும், அவரவர் குடும்பத்தாரும் கிரிக்கெட் பந்தெறிந்து உடைப்பார்கள். பிறகு பிரியாணி. சரக்கைச் சோதித்துத் தேறாததை ஒதுக்குவது என் வேலை. வேதியியல் முதுகலை படித்ததற்கு அதுதான் கிடைத்தது. சரக்கை ஒதுக்குகிறவள் என்பதால், இருப்பதிலேயே பெரிய ஊறுகாய் ஜாடிக்கு என்னைப் போலவே மூக்கும் மூக்குக்கண்ணாடியும் கொண்டையும் வரைந்துவைத்தார்கள். அதன்மேல் எறியத்தான் தள்ளுமுள்ளு.

முதல் ஆண்டே பாயிடம் முறையிட்டேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "ஒரு நாளு உங்க மூஞ்சியில எறியட்டும் மேடம். அப்பதான் மத்த நாளு நீங்க தேறாதுன்னா பேசாம ஒத்துக்குவாங்க." இது வியாபாரத் தந்திரம் என்றேன். "வியாபாரந்தான். சிரிச்சிக்கிட்டே செஞ்சா குத்தமா?" என்றார்.

ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர் ஒருவர், வெடிப்பு விட்ட சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆலைக்குப் போகவிருந்தார். பாய் அவரை அந்த நாளுக்கு வரவழைத்து, அவர் திருப்பிய ஜாடிகளையே முன்வரிசையில் வைத்து, பந்தையும் கொடுத்தார். சண்டைக்கு வந்த மனிதர் தோள் வலிக்கும்வரை எறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். விளையாட்டு அவரைத் தக்கவைத்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த சரக்கு நன்றாக இருந்ததால்தான் தங்கினார். ஆனால் அந்த அடுத்த சரக்குவரை அவரைக் காத்திருக்க வைத்தது விளையாட்டுதான்.

பாய் போனபின் ஆலை நிலைக்குமா என்பதே பேச்சாக இருந்தது. வேப்பூர்ப் பக்கம் புதிதாக வந்த ஆலை கூடுதல் சம்பளம் தருவதாக எங்கள் தொழிலாளர்களிடம் ஆளனுப்பியது. பொறுப்பேற்ற மகள் நசீமா, உடைக்கும் நாளை நிறுத்தவில்லை. என் கவலை வேறு. எல்லோரும் தலைகுனிந்து நின்று அதை இரங்கல் கூட்டமாக்கிவிட்டால் கதை முடிந்தது. விட்டுப் போகப்போகிறவர்கள்தாம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்வார்கள்.

அப்படித்தான் நின்றார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஜாடியைத் தொட ஆளில்லை. என்னை இவ்வளவு மதித்து நான் பார்த்ததில்லை.

அஞ்சலை பந்தை எடுத்தாள். "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போன வாரம் என் சரக்குல பாதிய கழிச்சீங்கல்ல?"

"முழுவதையும் கழித்திருக்க வேண்டும்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பந்து ஜாடியின் நடுவில் பட்டது. அடுத்த பந்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் அஞ்சலையோடு மல்லுக்கு நின்றார். வேப்பூர் ஆலைக்கு இதுவரை யாரும் போகவில்லை.

பாயின் நினைவாக நான் எடுத்துவைத்திருப்பது அந்த ஜாடியின் ஒரு சில்லு; மூக்கும் ஒரு பக்கக் கண்ணாடியும் அதில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு வேறு ஜாடியில் வரைவார்கள். மூக்கை இவ்வளவு பெரிதாகப் போட வேண்டாம் என்று அஞ்சலையிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.