உப்பு ஐஸில் வந்த ஊசி

முடக்குவாதம் வந்த பிறகு என் தலைமுடி என் கணவரின் பொறுப்பாயிற்று. விரல்கள் வீங்கி, சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவருக்குக் கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் மீன் பெட்டி கட்டும் வேலை. பெட்டிக்குக் கயிறு போடுகிற அதே இறுக்கத்தில் சடையும் போடுவார். வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். அவரும் விட்டுவிட்டால் பின்ன யார் இருக்கிறார்கள்?

நாங்கள் இருந்த மட்டாஞ்சேரியில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். பூசிப் பூசிப் புடவைதான் நாறியது. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு எறணாகுளத்து டாக்டர் ஒருவர் புதுவகை ஊசியைப் பற்றிச் சொன்னார். உடம்பு தன் மூட்டுகளையே எதிரியென்று தாக்குகிறது, அதை இது அடக்கும் என்றார். காசநோய் இல்லையென்று சோதித்த பிறகே எழுதிக் கொடுத்தார். இதுவும் கேட்காவிட்டால் விரல்கள் கோணியே நின்றுவிடும் என்பதையும் மறைக்கவில்லை.

எறணாகுளத்து மருந்துக்கடையில் மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோகச் சொன்னார்கள். அதை என் கணவருக்கா சொல்லித் தர வேண்டும்? மீன் பெட்டியில் பொடித்த ஐஸ் கொட்டி, குளிர் கூடட்டும் என்று கல்லுப்பும் தூவி, நடுவில் ஊசியைப் புதைத்து, படகேறி ராஜாவைப் போல வந்தார்.

வீட்டுக்குப் பக்கத்துச் சுள்ளிக்கல் கிளினிக்கில் நர்ஸ் அதை எடுத்துப் பார்த்தாள். "சேச்சி, இது உறைஞ்சு போச்சல்லோ. இனி குத்தக் கூடாது."

"மீனு கேடாகாதில்லே, அதான்..." என்று இழுத்தார் இவர்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மறுநாள் காலை சீப்போடு வந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், வேறு வழி?

அடுத்த ஊசியைத் துணியில் சுற்றி, ஐஸில் படாமல் பெட்டிக்குள் வைத்து, படகில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நர்ஸ் வெளிச்சத்தில் பார்த்து "நல்லா இருக்கு" என்றதும், அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

ஊசிகள் தொடர்ந்தன. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் விரல்கள் மடங்கின. நம்பாமல் மறுபடி மடக்கிப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நானே சடை பின்னி முடித்திருந்தேன்.

சீப்போடு வந்தவர் பின்னால் நின்று பார்த்தார். "கோணலா இருக்கே. அவுத்துட்டு நான் போடட்டுமா?"

அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். "மெதுவாப் போடுங்கோ, இது மீன் பெட்டி இல்லே" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அதைச் சொல்ல முடிந்தது.