மூடியில்லாத சொல்யூஷன் டிரம்

"அண்ணா, நாய்க்குட்டி ரெண்டு சொல்யூஷன்ல ஒட்டிக்கினு கெடக்குது. சீக்கிரம் வாங்க. பாத்ரூம்லருந்து பேசுறேன், ஜாஸ்தி பேச முடியாது."

காலை எட்டே முக்காலுக்கு வந்த போன். பேசியவர் மல்லிகா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவர். வேலை நேரத்தில் போன் எடுத்தால் மெமோ என்பதால் பாத்ரூமுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். சொல்யூஷன் என்றால் ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பசை. "நான் வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

தெருவிலங்குகளை மீட்கும் ஓர் அமைப்பில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். பெயருக்குத்தான் டிரைவர். நாய் பிடிப்பது, புண் கழுவுவது, டாக்டர் கைக்குப் போகும்வரை உயிரை இழுத்துப் பிடிப்பது எல்லாம் என் தலையில்தான். புதிதாகச் சேர்கிற பசங்கள் கிணற்றில் விழுந்த மாடு, வெறிநாய் என்று கதை கேட்பார்கள். நான் இந்த ஆம்பூர் டிரம்மைத்தான் சொல்வேன். 

வேலூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டேன். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் ஆடிட். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்வையிட வருகிறார். உள்ளே அழுக்காக எதுவும் கண்ணில் படக் கூடாதாம். அதனால் மிச்சசொச்ச சொல்யூஷனைக் கொட்டி வைக்கிற டிரம்களை முந்தின நாளே பின்சுவருக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டார்கள். பாதியாக அறுத்த டிரம்கள், முழங்கால் உயரம். மூடி கிடையாது. மேலே தோல் துண்டுகள் கிடந்தன. அந்த வாசனைக்குக் குட்டிகள் வராமல் என்ன செய்யும்?

கறுப்புக்குட்டி டிரம்முக்குள் கழுத்துவரை சிக்கியிருந்தது. தாய் நாய் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. வெள்ளைக்குட்டியை வெளியே எடுத்து மல்லிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே நெடி மூக்கில் ஏறியது. தின்னர்! ஷூவில் பசை வழிந்தால் தின்னரில் நனைத்த துணியால்தான் துடைப்பார்கள். குட்டியையும் அப்படியே துடைக்கிறார்கள். அதன் வயிறு செக்கச்செவேல் என்று வெந்திருந்தது. வாயில் நுரை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அறிவு இருக்குதா உங்களுக்கு? தின்னர் ஊத்துனா தோலு வெந்துடாது? அத நக்குனா செத்துடும்!" என்று கத்திவிட்டேன்.

மல்லிகா திருப்பிச் சண்டை போடவில்லை. கையில் பளபளவென்று புது கிளவுஸ் போட்டிருந்தார். அதைக் கழற்றி விரல்களை நீட்டினார். நுனியெல்லாம் வெளுத்து, வெடித்து, தோல் உரிந்து கிடந்தது.

"நாங்க டெய்லி இதுலதானேண்ணா கை கழுவுறோம். வேற இன்னாத்துல போவும் இது? நாய்க்கு ஆவாதுன்னு யாருண்ணா எங்களுக்குச் சொன்னாங்க?"

"இந்த கிளவுஸ்?"

"இன்னிக்குக் காலைல குடுத்தாங்க. ஆடிட் ஆச்சே. போன மாசம் டிரம்மு உள்ள இருந்தப்பவே ஒரு நாயி விழுந்து செத்துச்சுண்ணா. மூடி போடுங்கன்னு சொன்னதுக்கு, ஸ்டோர்ல இல்லன்னுட்டாரு சூப்பர்வைசரு."

டீ இடைவேளை முடிந்து பெல் அடித்தது. மூன்று பேரும் ஓடினார்கள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரம் இல்லை.

பசைக்கு எண்ணெய்தான் மருந்து. கடலை எண்ணெயை ஊற்றி, ஊறவிட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர். கறுப்புக்குட்டியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி டிரம்மிலிருந்து மெல்ல விடுவித்தேன். தண்ணீர்க் குழாய் முன் கேட் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். தாய் நாயும் பின்னாலேயே வந்தது. முதலில் வெள்ளைக்குட்டியின் மேல் இருந்த தின்னர் போகக் கழுவினேன். அது இரைத்த இரைப்பில், வேலூர் போய்ச் சேருமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் ஓடிவந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"இன்னாப்பா இது, கேட்ல கடை விரிச்சிருக்க? பதினோரு மணிக்கு பையர் வர்றாரு. தாயி, குட்டி எல்லாத்தையும் வண்டியில போட்டு எடுத்துட்டுப் போய் பாலாத்துல விட்டுடு."

"தெரு நாய வேற எடத்துல விடக் கூடாது சார், சட்டம் இருக்குது. எண்ணெய் வேற ஊறணும். ஒரு மணி நேரமாவது ஆவும்."

"பின்னாடி போயி பண்ணேன்!"

"தண்ணி இங்கதான் சார் இருக்குது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. குட்டிகளை ஒரு தரம்கூட அவர் பார்க்கவில்லை.

"பேஜார் பண்ணாதப்பா. உனக்கு இன்னாதான் வேணும், சொல்லு."

"டிரம்முக்கு மூடி போடுங்க. போட்டத நான் பார்த்தா கெளம்பிடுறேன்."

பத்தே நிமிடம். ஸ்டோரிலிருந்து புத்தம்புதுத் தகர மூடிகளை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு நாய் செத்தபோது இல்லாத மூடி, ஒரு கார் வருகிறது என்றதும் வந்துவிட்டது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. மடியில் குட்டி இருந்ததால் விட்டேன்.

கறுப்புக்குட்டி மறுநாளே எழுந்து ஓடியது. வெள்ளைக்குட்டியை டாக்டர் நான்கு நாள் டிரிப்பில் வைத்திருந்தார். பிழைத்தது. எட்டாம் நாள் மல்லிகா போன் செய்தார்.

"வெள்ளக்குட்டி எப்பிடிண்ணா இருக்குது?"

"வயித்துல முடி போயிடுச்சும்மா. மத்தபடி என் செருப்பக் கடிச்சிக்கினு இருக்குது. அன்னிக்கு உங்களத் திட்டிட்டேன், தப்பு என்னுதுதான்."

"பரவால்லண்ணா."

"மூடி இருக்குதா?"

"இருக்குதுண்ணா. டெய்லி மூடுறாங்க."

"கிளவுஸ்?"

மல்லிகா சிரித்தார். "அத அன்னிக்கு சாயந்திரமே எங்ககிட்டருந்து திருப்பி வாங்கி உள்ள வெச்சிட்டாங்கண்ணா. அடுத்த ஆடிட்டுக்கு வேணுமில்ல."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலங்கின் பக்கத்தில் நிற்கிற மனுஷியிடம் முதலில் கத்தாதே. அவள்தான் போன் செய்தவள். அவளுக்குத் தெரிந்ததைத்தான் அவள் செய்திருப்பாள்.

இதைச் சொல்லி முடித்ததும் பசங்கள், "மேனேஜருக்கு நல்லா ஆப்பு வெச்சீங்கண்ணா" என்று கை தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன வேண்டும் என்று அந்த ஆளே வாய்விட்டுக் கேட்டார். கார் வர இருபது நிமிடம் இருந்தது. எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார். மல்லிகாவின் விரல்களை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நான் மூடியை மட்டும்தான் கேட்டேன்.